முப்பத்திரண்டு வீடும் ஒரு பிளாப்பியும்

ஒருவரையும் விடாமல் காட்டுவதுதான் எங்கள் தொழில். சேலத்துக்கு மேலே மலையில், ஒண்டிக்கடை என்ற இடத்தில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறையில் நாங்கள் வீடியோ கடை வைத்திருந்தோம். என் கணவர் படம் பிடிப்பார், நான் இரண்டு வீசீஆரை அருகருகே வைத்து வெட்டி ஒட்டுவேன். கல்யாணம், ஞானஸ்நானம், காதுகுத்து, எஸ்டேட் மேனேஜர்களின் பிரிவுபசாரம் என்று எது வந்தாலும் சட்டம் ஒன்றே: வந்தவர் முகம் கேசட்டில் இருக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தை ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமனிடம்தான் கற்றுக்கொண்டோம். என் கணவர் கேசட் மாற்றிய இரண்டு நிமிடத்தில் அவர் மேடையேறி மாலை போட்டுவிட்டு இறங்கிவிட்டார். அதன் பிறகு இரண்டு வருடம் அந்தக் குடும்பமே பஸ் ஸ்டாண்டில் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் என் கணவர் அவர் வீட்டுக்கே போய், அதே பட்டுச் சட்டையைப் போடச் சொல்லி, கையில் புது மாலை கொடுத்து, சுவரோரம் நிறுத்திப் படம் பிடித்து வந்தார். அதை நான் கல்யாணத்துக்கு நடுவே சொருகினேன். மேடைத் திரை பச்சை, அவர் வீட்டுச் சுவர் நீலம். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் மலைக்காரர்கள் வீடியோ விளக்கைக் கண்டால் நட்டுவைத்த கம்பாக நின்றுவிடுவார்கள். விளக்கு அணையும்வரை இமைகூட அசையாது. "இது போட்டோ இல்லீங்க, வீடியோ. கொஞ்சம் அசையுங்க, பேசுங்க, சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுபோகும். இவர்களை வைத்துக்கொண்டு எந்தக் காலத்தில் உருப்படியாக ஒரு படம் எடுப்பது என்று புலம்பியிருக்கிறேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கொஞ்சமா என்று என் கணவர் கேட்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் சேலத்திலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரும், வீடியோவை அதற்குள் ஏற்றுகிற ஒரு கார்டும் வாங்கி வந்தோம். வாங்கிய மறுமாதமே பூ சுழல்வது, பக்கம் புரள்வது, இதயம் இரண்டாகப் பிரிவது எல்லாம் எனக்கு அத்துப்படி. மலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பில் இருந்தேன். இன்னொருவர் இல்லாததால் அது உண்மையும்கூட.

அந்த மிதப்பான நாளில்தான் கொட்டச்சேடு கிராமத்திலிருந்து ஒருவர் படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும், பெரிய மீசை, பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு நோட்டு. அந்தப் பக்கத்துச் சிறு காபித் தோட்டக்காரர்கள் முப்பத்திரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், அவர் அதன் செயலாளர்.

அவர்கள் பிரச்சினை பல்ப்பர். காபிப் பழத்தின் தோலை உரிக்கிற இயந்திரம் அது. பறித்த பழத்தை அன்றைக்கே உரித்தாக வேண்டும், வைத்தால் புளித்துவிடும். இவர்களிடம் இயந்திரம் இல்லாததால் சாயங்காலத்துக்குள் மூட்டையைத் தலையில் தூக்கிப் பெரிய எஸ்டேட்டுக்கு ஓட வேண்டும். அங்கே கணக்கெழுதுகிற ரைட்டர் பழத்தைக் கிளறிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, சொன்ன விலைதான் விலை. வெளிநாட்டில் ஒரு தொண்டு நிறுவனம் இப்படிப்பட்ட ஒரே ஒரு சங்கத்துக்கு இயந்திரம் தருவதாக இருந்தது. கேட்கிற சங்கங்கள் தங்களைப் பற்றி இரண்டு நிமிடத்துக்குள் ஒரு உண்மைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதை இன்டர்நெட்டில் வைப்பார்கள். தேர்வுக் குழுவினர் ஆளுக்கொரு நாட்டில் அவரவர் வீட்டிலிருந்தே பார்த்து முடிவு செய்வார்கள்.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணுங்க" என்றார் அவர். "முப்பத்திரண்டு ஊட்டுக்காரங்க மொகமும் படத்துல இருக்கோணும். இவிங்களை ஒண்ணாச் சேக்கறதுக்கு நாலு வருசம் நடந்திருக்கறனுங்க. ஒரு ஊடு உட்டுப்போனாலும் சங்கம் ஒடஞ்சிரும்."

நோட்டைத் திறந்து காட்டினார். முப்பத்திரண்டு பெயரும் முத்து முத்தான கையெழுத்தில் வரிசையாக இருந்தன.

"அது எங்க தொழிலுங்க அண்ணா. கவலையே வேண்டாம்" என்றேன்.

பழம் சிவக்கட்டும், மார்கழியில் வருகிறோம் என்று அனுப்பிவைத்தோம். மார்கழி பிறக்கும் முன்னே ஒரு காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. படமும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி படியேறி வந்தார். கையில் அதே பாலித்தீன் பை, அதே நோட்டு. சங்கத்தை இனி அந்த அக்காதான் பார்ப்பதாக எல்லோரும் சொல்லிவிட்டார்களாம்.

"அவரு சொன்னது சொன்னபடியே எடுத்துக் குடுத்துரு கண்ணு" என்றார். "தை முடியறதுக்குள்ள அனுப்போணுமாமா."

எடுத்தோம். இரண்டு நாள், இரண்டு கேசட். என் கணவர் கேமராவைத் தோளில் வைத்துத் தோட்டம் தோட்டமாக நடந்தார். மலையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவிக் காட்டினார், சில்வர் ஓக் மரங்களின் உச்சியிலிருந்து வேருக்கு இறங்கினார். முப்பத்திரண்டு வீட்டாரையும் அவரவர் செடியருகே நிறுத்தி, தலைக்கு இரண்டு விநாடி. நான் என் கைவரிசை முழுவதையும் இறக்கினேன். தலைப்பு ஒவ்வொரு எழுத்தாக வானத்திலிருந்து விழுந்தது. ஒவ்வொரு முகமும் ஒரு காபிப் பூவுக்குள்ளிருந்து சுழன்று வெளியே வந்தது. போட்டுப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

பிறகு சேலத்தில் அந்த நிறுவனத்தின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் போன் செய்தேன். அமைதியான மனிதர். படம் முடிந்துவிட்டது, எதில் கொண்டுவரட்டும் என்றேன்.

"ஒரு பிளாப்பியில போட்டுக் கொண்டாங்க மேடம். அதுக்கு மேல போனா அவங்க டெலிபோன் லைன்ல இறங்காது. பாதியில நின்னுரும். நின்னுச்சுன்னா அடுத்த படத்துக்குப் போயிருவாங்க."

கம்ப்யூட்டரில் அந்தப் படம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். உள்ளங்கை அகலப் பிளாப்பித் தகடுகளை அடுக்கினால் எங்கள் கடைக் கூரையைத் தொடும்.

அமுக்க வேண்டும். அதற்கு அப்படித்தான் நாங்கள் பெயர் வைத்தோம். கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு வழி இருந்தது. திரையில் தெரியும் ஒரு சின்னப் பிடியை இடது பக்கம் நகர்த்தினால் படம் சிறிதாகும். ஒரு தடவை அமுக்கி முடிக்க அரை நாள். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. ஒரு வாரம் நானும் அந்தப் பிடியும்தான். கொஞ்சம் நகர்த்தினால் இருபது பிளாப்பி. இன்னும் நகர்த்தினால் ஏழு. கடைசி வரைக்கும் தள்ளிவிட்டேன், ஒன்றுக்குள் அடங்கியது. சந்தோஷமாகப் போட்டுப் பார்த்தேன். மலை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. மரமெல்லாம் கட்டிதட்டிப்போன ராகிக் களி. முப்பத்திரண்டு முகத்தில் எது மூக்கு, எது காபிப் பழம் என்று சொல்ல முடியவில்லை.

"எல்லாரும் இருக்காங்க. யாருன்னுதான் தெரியல" என்றார் என் கணவர். அன்று அவருக்கு மத்தியானச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

கோபம் ஆறியபின் அந்தக் களியையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எல்லாமே கெட்டுப்போகவில்லை. ஒரு வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர் பளிச்சென்று இருந்தது, கிழிக்காத தேதி வரை படிக்க முடிந்தது. அதன் பக்கத்தில் தலையாட்டிய செடிதான் குழைந்திருந்தது. என் சுழலும் பூ எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் நாசம். கேமரா நகர்ந்த இடமெல்லாம் நாசம்.

எஸ்டேட் ரைட்டர் பேர்ப்பதிவு எழுதுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். நேற்று வந்த ஆளே இன்றும் வந்தால் முழுப் பெயரை எழுதமாட்டார். மேற்படி, மேற்படி என்று போட்டுக்கொண்டே போவார். புது ஆள் வந்தால்தான் பேனாவுக்கு வேலை. இந்த இயந்திரமும் அதே சோம்பேறி ரைட்டர்தான். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடுகிற போட்டோக்கள்தானே, முந்தின போட்டோவில் இருந்தது அசையாமல் அப்படியே இருந்தால் மேற்படி. ஒரு இலை அசைந்தால் அந்த இலையைப் புதிதாக எழுத வேண்டும். காட்சி மாறினால் புதுப் பக்கம் எடுத்து எல்லாவற்றையும் எழுத வேண்டும். நானோ முப்பத்திரண்டு முகத்துக்கு முப்பத்திரண்டு புதுப் பக்கம் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் பூவைச் சுழல விட்டிருந்தேன். அது பாவம், கிடைத்த இடத்துக்குள் என்னதான் எழுதும்?

பூவை எடுத்தேன். எடுக்கும்போது மனது வலித்தது, பொய் சொல்வானேன். விழும் எழுத்துகளையும் மலையையும் எடுத்தேன். அப்படியும் முகங்கள் தெளியவில்லை. ஏழெட்டுப் பேரை மட்டும் வைத்தால்தான் உண்டு என்ற நிலைமை.

அதைச் சொல்லக் கொட்டச்சேட்டுக்கு பஸ் ஏறினேன். அந்த அக்கா களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். சோம்பேறி ரைட்டர் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"ஆரை உடறதுன்னு நீயே கோடு போட்டுரு கண்ணு."

பேனாவைத் திறந்தேன். முத்து முத்தான எழுத்து. நாலு வருடம் நடந்து சேர்த்த பெயர்கள். கவலையே வேண்டாம் என்று அந்த மனிதரிடம் சொன்னது நான்தான். ஒரு பெயரில்கூட என்னால் கோடு போட முடியவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னால ஆகாதுங்க அக்கா."

"என்னாலயும் ஆகாது. காபி குடிச்சிட்டுப் போ" என்றார்.

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. திரும்புகிற பஸ்ஸில் யார் மேல் என்று தெரியாமல் எனக்கு ஆத்திரம். பிளாப்பியைக் கண்டுபிடித்தவன் மேல், தொண்டு நிறுவனத்தின் மேல், செத்துப்போனவர் மேல்கூட.

மறுநாள் ஒரு கல்யாண கேசட் வேலை இருந்தது. மணமக்களுக்குப் பின்னால் பெண் வீட்டார் பன்னிரண்டு பேர் வழக்கம்போல் கம்பாக நின்றிருந்தார்கள். அரை நிமிடம் ஒருவரும் இமைக்கவில்லை. நான் வழக்கம்போல் பல்லைக் கடித்தேன். கடித்த பல்லோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அந்த அரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு முகமும் கண்ணாடி போல் வந்தது, பிளாப்பியில் ஒரு மூலைகூட நிறையவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். கீழே தையல் மிஷின் நின்றுபோய், என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

நாலு காட்சி போதும். எட்டு எட்டுப் பேராக நாலு வரிசை. கேமராவும் அசையாது, ஆட்களும் அசையமாட்டார்கள். பின்னால் ஆடுகிற மரங்களுக்கு மட்டும் வழி வேண்டும்.

"விடிகாலைப் பனியில எடுத்துரலாம்" என்றார் என் கணவர். "பின்னாடி ஒரு மரமும் தெரியாது. சுவர் மாதிரி வெள்ளையா இருக்கும். ஆனா ஏம்புள்ள, ஸ்டேண்டு மேல கேமராவ வச்சிட்டு நான் சும்மா நிக்கணுமா?"

"ஆமாங்க. கையைக் கட்டிக்கிட்டு."

அடுத்த ஞாயிறு விடிகாலை கொட்டச்சேட்டுக் களத்தில் பனி பால் மாதிரி இறங்கியிருந்தது. முப்பத்திரண்டு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தார்கள். யார் யாரோடு நிற்பது என்ற பேச்சே எழவில்லை, நோட்டில் உள்ள வரிசைதான். முதல் எட்டுப் பேரை நிறுத்தினோம். என் கணவர் கேமராவை ஓட விட்டார். உடனே ஒருவர் பக்கத்து ஆளின் தோளைத் தட்டினார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே கையசைத்தார். ஒரு அம்மா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தே போய்விட்டார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

"நீங்கதானுங்களே போன கல்யாணத்துல அசையோணும்னு சொன்னீங்க" என்றார் கையசைத்தவர். "போட்டோ மாதிரி நிக்கப்படாது, நடமாடோணும்னு நொம்ப வஞ்சீங்களே."

களமே சிரித்தது. பல வருடமாகக் கத்தியதற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்திருக்கிறது. நான் சொன்னதெல்லாம் தப்பு, நீங்கள் நிற்பதுதான் சரி என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டேன். அப்புறம் நின்றார்கள் பாருங்கள். அப்படி ஒரு நிற்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே ஒரு அசைவு மட்டும் வைத்திருந்தேன். நடுவில் நிற்பவர் கூடையைச் சாய்ப்பார், சிவந்த பழம் கொட்டும். அந்த ஒரு கூடைக்கு இடம் விட்டு மற்ற எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று வரிசை முடிவதற்குள் பனி விலகத் தொடங்கியது. பின்னால் ஒரு மரத்தின் உச்சி தெரிந்தது. நாலாவது வரிசையில் ஏழு பேர்தான் நின்றார்கள். அக்காவைக் காணோம். நான் கூப்பிடக் கூப்பிட வீட்டுக்குள்ளிருந்து நிதானமாக வந்தார். சட்டம் போட்ட தன் கணவரின் படத்தை, அதன் மாலையைக் கழற்றிவிட்டு, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"ஊட்டுக்கு ஒருத்தர்னுதான பேச்சு" என்றார். "எங்க ஊட்டுக்கு அவருதான். நான் புடிச்சுக்கறதுக்கு நிக்கறேன்."

என் கணவர் போய், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காதபடி படத்தைக் கொஞ்சம் முன்னே சாய்த்துவிட்டு வந்தார். கூடை சாய்ந்தது, பழம் கொட்டி ஓய்ந்தது. அவர் கேமராவை நிறுத்தியபோது பின்னால் மூன்று மரம் முழுசாகத் தெரிந்தது.

பழம் பறிக்கிற ஒரு கையைக் கிட்டத்தில் எடுத்தோம், கிளை ஆடாமல் நூல் போட்டுக் கட்டிவிட்டு. மூட்டையோடு எஸ்டேட்டுக்கு ஓடுவதைப் படமாகக் காட்ட வழியில்லை, ஓடினால் களியாகிவிடும். அதை அக்கா குரலிலேயே சொல்ல வைத்தேன், கீழே இங்கிலீஷில் எழுத்து. மொத்தம் ஒன்றே முக்கால் நிமிடம். சனிக்கிழமை காலையில் அமுக்கப் போட்டேன். அன்று சாயங்காலம் வரை கரண்ட் போகவில்லை. அதை மட்டும் மாதாவின் கிருபை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பிளாப்பிக்குள் அடங்கி, ஓரத்தில் கொஞ்சம் இடம்கூட மிஞ்சியது.

பிளாப்பியை நம்ப முடியாது என்று மூன்று காப்பி போட்டு, டிபன் பாக்ஸில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் மலையிறங்கினேன். அந்த அமைதியான மனிதர் கூட்டிப்போன பிரவுசிங் சென்டரில் முதல் பிளாப்பி திறக்கவில்லை. இரண்டாவது கர் கர் என்று சத்தம் போட்டுவிட்டுச் செத்தது. மூன்றாவதை உள்ளே தள்ளும்போது நான் ஜெபம் சொன்னதை அடுத்த சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். திறந்தது. லைன் இரண்டு தரம் அறுந்து, மூன்றாம் தரம் படம் போய்ச் சேர்ந்தது.

பங்குனியில் சேலத்து மனிதர் போன் செய்தார். வந்த படங்களில் பல பாதியில் நின்றுவிட்டனவாம். எங்களுடையது முதலிலிருந்து கடைசி வரை தடங்கல் இல்லாமல் ஓடியதாம். குழுவில் ஒரு அம்மாள், முதலில் போட்டோ என்று நினைத்தாராம், பழம் கொட்டியதும் திடுக்கிட்டுப்போய் மறுபடி மறுபடி பார்த்தாராம். இயந்திரம் கொட்டச்சேட்டுக்குத்தான்.

அது வந்த லாரிக்கு எங்கள் கொண்டை ஊசி வளைவுகள் ஒத்துவராமல், மறுபக்கத்துக் குப்பனூர் சாலை வழியாகச் சுற்றி ஏறியது. அன்றைக்கு நாங்களும் ஒரு ஜீப்பில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனோம். டீவிப் பெட்டி மாதிரி இருந்த அதன் திரை வழி முழுக்க என் மடியில். முப்பத்திரண்டு வீட்டாரும் அதுவரை படத்தைப் பார்த்திருக்கவில்லை.

அக்கா வீட்டில் வைத்துப் போட்டேன். போஸ்ட் கார்டை விடச் சிறிய படம். ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து அவரவர் முகத்தைத் தேடினார்கள். எல்லோரும் இருந்தார்கள். யார் யார் என்றும் தெரிந்தது. ஆனாலும் உயிருள்ள மனிதர்கள், மூச்சு விட்டிருக்கிறார்கள், ஒருவர் இமைத்திருக்கிறார், ஒருவர் எச்சில் விழுங்கியிருக்கிறார். அங்கங்கே கன்னத்திலும் காதோரத்திலும் ஒரு சின்னக் கட்டம் வந்து போயிற்று.

நாலாவது வரிசை வந்தது. அங்கே சட்டத்துக்குள் இருந்தவர் முகத்தில் மட்டும் ஒரு கட்டம் இல்லை. மீசையின் முறுக்கு வரை தெரிந்தது. படத்தை அமுக்கியவள் நான். நாட்கணக்கில் பார்த்தவள் நான். பிளாப்பிக்குள் அடங்குமா என்று அளவையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை அந்த நிமிடம் வரை நான் கவனிக்கவே இல்லை.

அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பழம் கொட்டி ஓய்ந்தது. பிறகு சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பாரு கண்ணு" என்றார். "இத்தன பேருல அவருதான் நொம்ப நல்லா நின்னிருக்காரு."